தீர்ப்பை ஒத்திவைத்த நீதிபதி ஓய்வு பெற்றுவிட்டால் என்ன ஆகும்? தலைமை நீதிபதிகள் ஏன் இத்தனை சீக்கிரம் மாறுகிறார்கள்?

கேள்வி: தாமிரபரணிக் கரை

எங்கள் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கு ஓர் உயர்நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீடாக நிற்கிறது. கொஞ்சம் நஞ்சை, ஒரு களத்துமேடு, ஓடு சரிந்த ஒரு வீடு. சொத்தின் மதிப்பை விட வழக்கின் வயதுதான் பெரிது. சென்ற ஆண்டு ஒரு நீதிபதி பொறுமையாகக் கேட்டார். இரு தரப்பு வாதமும் முடிந்து, தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அண்ணன் அன்று மாலையே உறவினர் அனைவருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். பிறகு கோடை விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்து விசாரித்தால், நீதிபதி ஓய்வு பெற்றுவிட்டார் என்றார்கள். இப்போது வேறொரு நீதிபதி முன் வழக்கு பட்டியலிடப்பட்டிருக்கிறது. வாதம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். வக்கீலுக்கு மறுபடியும் கட்டணம்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். கேட்டு முடித்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நீதிபதிகளுக்கு விதி எதுவும் கிடையாதா? ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்து எழுதி அனுப்பினால் என்ன?

இன்னொன்று, பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அண்ணனின் சந்தேகம். உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி பதவியில் ஒருவர் பதினேழு பதினெட்டு நாட்கள்தான் இருந்தாராம். ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வருபவருக்கே சாவிக்கொத்தைப் பழகிக்கொள்ள ஒரு பருவம் ஆகும் என்கிறார். ஓய்வு வயதை 70 ஆக்கிவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும் என்பது அவர் முடிவு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கருப்பு அங்கி

அக்கா, நான் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன வழக்கறிஞன். சட்டம் இதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின்படி உச்சநீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 65. 217-ஆவது பிரிவின்படி உயர்நீதிமன்ற நீதிபதிக்கு 62. தலைமை நீதிபதிக்கென்று தனி வயதோ, தனிப் பதவிக்காலமோ கிடையாது. ஓய்வு பெற்ற மறுநிமிடம் அவர் நீதிபதி அல்லர்; அதன் பிறகு அவர் எழுதுவது தீர்ப்பு ஆகாது.

உங்கள் அண்ணன் சொல்வதோடு எனக்கும் உடன்பாடு. உயர்நீதிமன்ற நீதிபதிகளின் வயதையும் 65 ஆக்க 2010-இல் ஒரு திருத்த மசோதா வந்தது. நிறைவேறாமல் காலாவதி ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 2022 முதல் 75. அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் ஆயுள் முழுக்க இருக்கலாம். நாம் மட்டும் நல்ல அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வயதை உயர்த்துவதுதான் ஒரே வழி.

பதில்: பழைய பெஞ்சு

தாமிரபரணி அம்மா, நான் நீதிமன்றப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்கை அழைப்பவர், கட்டுகளை எடுத்து நீட்டுபவர் என்று ஒருவர் இருப்பாரே, அந்த ஆள். ஆகவே சட்டம் பேசப் போவதில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். தம்பி கருப்பு அங்கி சொன்ன பிரிவுகள் சரி. "ஒரே வழி" என்றாரே, அங்கேதான் நான் குறுக்கே வருகிறேன்.

முதலில் உங்கள் வழக்கு. தீர்ப்பு என்பது எழுதியதும் பிறப்பதில்லை. திறந்த நீதிமன்றத்தில் வாசித்த பிறகே பிறக்கிறது. இதற்கு அடிப்படையான ஒரு வழக்கு உண்டு. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் சேர்ந்து ஒரு குற்ற மேல்முறையீட்டைக் கேட்டார்கள். தீர்ப்பைத் தயார் செய்து ஒருவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். வாசிக்கும் நாளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். மற்றவர் இருவர் சார்பிலும் அதை வாசித்தார். செல்லாது என்றது உச்சநீதிமன்றம். சுரேந்திர சிங் வழக்கு என்பார்கள், 1950-களின் தொடக்கம். வாசிக்கும் கணம் வரை நீதிபதி மனம் மாறலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு என்பதே காரணம். இறந்தவருக்கு உள்ள விதிதான் ஓய்வு பெற்றவருக்கும்.

கீழமை நீதிமன்றங்களில் இந்தச் சிக்கல் குறைவு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது கட்டளையில், முந்தைய நீதிபதி எழுதி வைத்து வாசிக்காமல் போன தீர்ப்பை அடுத்து வருபவர் வாசிக்க இடம் இருக்கிறது. சாட்சியம் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அங்கே மாறுதல் உத்தரவு அடிக்கடி வரும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு. உங்களுடையது இரண்டாவது மேல்முறையீடு. சாட்சியம் எல்லாம் ஏற்கெனவே வழக்குக் கட்டிலேயே இருக்கிறது. சட்டக் கேள்வி மட்டும்தான் மிச்சம். மறுபடி வாதம் என்றால் மறுபடி எல்லாம் என்று பொருள் இல்லை. வக்கீல் அப்படிச் சொன்னால் கொஞ்சம் நெருக்கிக் கேளுங்கள்.

வீட்டிலிருந்து எழுதி அனுப்பினால் என்ன என்று கேட்டீர்கள். அதையும் ஒருவர் செய்து பார்த்தார். 2017 ஏப்ரலில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஒரு குற்ற வழக்கில் ஒற்றை வரியில் உத்தரவை மட்டும் வாசித்தார். மே மாதம் ஓய்வு பெற்றார். காரணங்களோடு கூடிய விரிவான தீர்ப்பு, இருநூறு பக்கங்களுக்கு மேல், அவர் பதவி விட்டுப் பல மாதங்கள் கழித்து வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, வழக்கைப் புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. பதவி போன பிறகு கோப்பை வீட்டில் வைத்திருந்ததே தவறு என்று கடுமையாகச் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் போயின. உங்கள் நீதிபதி அப்படி எதுவும் செய்யாமல் போனாரே என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஒழுங்கான நடைமுறை என்னவென்றால், ஓய்வுக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போதே அந்த நீதிபதியின் முன் நீண்ட வழக்குகளைப் போடாமல் இருப்பது. நீதிபதிகளில் கெட்டிக்காரர்கள் தாங்களே நிறுத்திவிடுவார்கள். கடைசி மாதத்தில் சிறு மனுக்களை மட்டும் கேட்டு, ஒத்திவைத்த தீர்ப்புகளை நாளைக்கு இத்தனை என்று வாசித்துத் தீர்ப்பார்கள். அந்த வாரங்களில் சுருக்கெழுத்தர்கள் படும் பாடு தனி. வேறு சிலருக்குக் கடைசி நாள் வரை நல்ல வழக்கு என்றால் விட மனம் வராது. பாதியில் நின்ற கட்டுகள் எங்கள் அலமாரிக்குத் திரும்பி வரும். மேலட்டையில் தேதிகள் வரிசையாக எழுதியிருக்கும். கடைசித் தேதிக்குப் பிறகு வெற்றிடம்.

நாட்டின் மிகப் பெரிய வழக்கே இப்படி விளிம்பில் தப்பியதுதான். கேசவானந்த பாரதி வழக்கு. அரசமைப்பை நாடாளுமன்றம் எந்த அளவுக்குத் திருத்தலாம் என்பது கேள்வி. பதின்மூன்று நீதிபதிகள். 1972 அக்டோபர் 31 அன்று தொடங்கி 1973 மார்ச் வரை 68 நாட்கள் வாதம். தலைமை நீதிபதி சிக்ரிக்கு ஏப்ரல் 26 அன்று 65 வயது. நடுவில் பெக் என்ற நீதிபதி உடல்நலம் இல்லாமல் மருத்துவமனையில் படுத்தார். அவர் மீளாமல் போனாலோ, சிக்ரி ஓய்வு பெற்றாலோ, ஐந்து மாத வாதமும் வீண். தீர்ப்பு ஏப்ரல் 24 அன்று வந்தது. பதினொரு தனித்தனித் தீர்ப்புகள். எல்லோரும் உட்கார்ந்து ஒருவர் வரைவை மற்றவர் படித்துப் பேச நேரமில்லாமல் போயிற்று என்பது அந்த அமர்வில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் தீர்ப்பிலேயே தெரிகிறது. பெரும்பான்மைக் கருத்து இதுதான் என்று ஒரு சுருக்கத் தாளில் ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள், நான்கு பேர் போடவில்லை. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்று இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற கோட்பாடு, ஒருவருடைய பிறந்தநாளுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் எழுதப்பட்டது. அது என்ன பொருளைத் தருகிறது என்று ஐம்பது ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது என்றால் வியப்பில்லை.

ஓய்வு வயதை வைத்துச் சென்னையில் நடந்த ஒரு கதையும் உண்டு. எனக்கு முந்தைய தலைமுறையினர் சொல்லக் கேட்டது. எஸ். ராமச்சந்திர ஐயர் 1961 முதல் 1964 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி. பதிவேட்டில் இருக்கும் வயதை விட அவர் மூத்தவர் என்று ஜி. வசந்த பாய் என்ற வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். சந்தேகம் எங்கே கிளம்பியது என்று சொல்லுங்கள் பார்ப்போம். தலைமை நீதிபதியின் தம்பிக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்! தம்பிக்கு அறுபது என்றால் அண்ணனுக்கு எத்தனை? வழக்கு விசாரணைக்கு வந்தால் நீதிமன்றத்தின் மானம் போகும் என்று அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் பேசி, அவரை ராஜினாமா செய்ய வைத்தார் என்பார்கள். 1964-இல் அவர் பதவி விலகியது வரலாறு. அழைப்பிதழ்க் கதை வழக்கறிஞர் அறைகளில் வளர்ந்தது. அதில் எத்தனை மசாலா சேர்ந்ததோ. உயர்நீதிமன்ற ஓய்வு வயது 60-இலிருந்து 62 ஆனது 1963-இன் பதினைந்தாவது திருத்தத்தில். நீதிபதியின் வயது குறித்துச் சந்தேகம் வந்தால் குடியரசுத் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து முடிவு செய்வார், அதுவே இறுதி என்ற ஷரத்தும் அதே திருத்தத்தில் வந்தது. அதாவது அன்றைக்கே இது ஊரறிந்த சங்கடமாக இருந்திருக்கிறது.

உங்கள் அண்ணனின் கேள்விக்கு இன்று இரவு எழுதுகிறேன். கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பதில்: தாமிரபரணிக் கரை

நன்றி ஐயா. வக்கீலை நெருக்கிக் கேட்க வேண்டும் என்றது அண்ணனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரவு வரை காத்திருக்கிறோம்.

பதில்: பழைய பெஞ்சு

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் சொன்ன அந்தக் குறுகிய காலத் தலைமை நீதிபதி கே.என். சிங். 1991 நவம்பர் 25 அன்று பொறுப்பேற்று டிசம்பர் 12 அன்று ஓய்வு. தொடக்க நாளையும் கடைசி நாளையும் சேர்த்தால் 18. ராஜேந்திர பாபு 2004 மே மாதத்தோடு சரி; அதிலும் பெரும்பகுதி கோடை விடுமுறை. ஜே.சி. ஷா 1970 டிசம்பர் 17 முதல் 1971 ஜனவரி 21 வரை. மறுமுனையில் ஒய்.வி. சந்திரசூட், 1978 பிப்ரவரி முதல் 1985 ஜூலை வரை, ஏழாண்டுகளுக்கு மேல். அவருக்குப் பிறகு யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட் இரண்டு ஆண்டுகள் இருந்ததையே நீண்ட காலம் என்று பத்திரிகைகள் எழுதின. 1950 முதல் 2025 நவம்பர் வரை 52 பேர் முடித்துப் போனார்கள். சராசரி ஒன்றரை ஆண்டு கூட வராது. 53-ஆவது ஆள் சூர்ய காந்த்.

இனி காரணம். தலைமை நீதிபதிக்குப் பதவிக்காலம் என்று ஒன்று இல்லை என்று தம்பி சொன்னார். இருக்கும் நீதிபதிகளில் பதவியேற்ற வரிசையில் மூத்தவர் அடுத்த தலைமை நீதிபதி, இது வழக்கம். ஆக அவருடைய காலம் என்பது, முன்னவர் 65-ஐ எட்டும் நாளுக்கும் தான் 65-ஐ எட்டும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இரண்டு பிறந்தநாட்கள். வேறெதுவும் இல்லை.

நடக்கப்போகும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றத்தில் ஒன்பது பேர் ஒரே நாளில் பதவியேற்றார்கள். அன்றைக்கு ஒருவர் பின் ஒருவராக உறுதிமொழி எடுத்த வரிசைதான் அவர்களுடைய மூப்பு. விக்ரம் நாத் இரண்டாவது, நாகரத்னா ஐந்தாவது, நரசிம்மா ஒன்பதாவது. விக்ரம் நாத் 1962 செப்டம்பர் 24-இல் பிறந்தவர். நாகரத்னா அதே ஆண்டு அக்டோபர் 30. இப்போதைய வரிசைப்படி 2027 பிப்ரவரியில் சூர்ய காந்துக்குப் பின் விக்ரம் நாத் வருவார். செப்டம்பர் 23 அன்று போவார். மறுநாள் நாகரத்னா, இந்தியாவின் முதல் பெண் தலைமை நீதிபதி. அக்டோபர் 29 அன்று அவரும் ஓய்வு. 36 நாட்கள். அதில் தசரா விடுமுறையும் விழும்.

அன்றைய உறுதிமொழி வரிசையில் நாகரத்னா விக்ரம் நாத்துக்கு முன்னால் நின்றிருந்தால்? 2027 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை, எட்டு மாதங்களுக்கு மேல் அவரே தலைமை நீதிபதி. விக்ரம் நாத்துக்கு அந்த நாற்காலியே கிடையாது, அவர் அதற்கு முன் ஓய்வு பெற்றிருப்பார். ஒரு காலைப் பொழுதில் யார் முதலில் எழுந்து நிற்கிறார் என்பதில் இத்தனையும் அடங்கியிருக்கிறது. அந்த வரிசை தாறுமாறாக வைத்ததல்ல. உயர்நீதிமன்றத்தில் எப்போது நீதிபதியானார்கள் என்று பார்த்து வைத்தது. விக்ரம் நாத் 2004, நாகரத்னா 2008. நாகரத்னாவின் தந்தை வெங்கடராமையா 1989-இல் ஆறு மாதங்கள் தலைமை நீதிபதியாக இருந்தவர் என்பதும் சேதி.

இப்போது அண்ணனின் யோசனைப்படி வயதை 70 ஆக்குங்கள். விக்ரம் நாத் 2032 செப்டம்பரில் போவார், நாகரத்னா 2032 அக்டோபரில் போவார். இடைவெளி அதே 36 நாட்கள்! வரிசை முழுவதும் ஐந்தாண்டு தள்ளி நிற்கும், அவ்வளவுதான். வயது உயர்ந்த அன்று நாற்காலியில் இருப்பவர் ஒருவருக்கு மட்டும் கூடுதலாக ஐந்தாண்டு யோகம் அடிக்கும்.

பிறகு எதனால் சிலருக்கு நீள்கிறது? உள்ளே வரும் வயது. ஒய்.வி. சந்திரசூட் 52 வயதில் உச்சநீதிமன்றம் வந்தார். பகவதி 51 வயதில் வந்து, 1973 முதல் 1986 வரை பதின்மூன்று ஆண்டுகள் நீதிபதியாக இருந்தார். பொதுநல வழக்கு என்ற வாசலைத் திறந்தவர்களில் ஒருவர். ஆனாலும் ஒய்.வி. சந்திரசூட் முன்னால் நின்றதால் தலைமைப் பதவி கிடைத்தது ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாகத்தான். இன்று பெரும்பாலோர் 57, 58, 60 என்று வருகிறார்கள். உயர்நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, ஓர் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்துவிட்டு வரும்போது வயது ஏறியிருக்கிறது. பாத்திமா பீவி கேரள உயர்நீதிமன்றத்தில் 62 நிரம்பி ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனவர். சில மாதங்கள் கழித்து, 1989 அக்டோபரில், உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அழைத்தார்கள். இரண்டரை ஆண்டுகள் இருந்தார். பிறகு நம் மாநிலத்துக்கு ஆளுநராக வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

மாவட்ட நீதிபதிகளின் நிலை இன்னும் மோசம். முன்சீப் பதவியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுபவர் உயர்நீதிமன்றத்தை எட்டும்போது 58, 59. இரண்டு மூன்று ஆண்டுகளில் வழியனுப்பு விழா. பக்கத்து அறையில் 46 வயதில் வழக்கறிஞராக இருந்து நேரே வந்தவர் பதினாறு ஆண்டுகள் இருப்பார். மொத்தப் பணிக்காலம் முன்னவருக்குத்தான் அதிகம். ஆனால் மூப்புப் பட்டியலில் அது கணக்கில் வராது. நம் ஊர் பானுமதி இதற்கு விதிவிலக்கு. 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதி ஆனதால் வயது கையில் இருந்தது. 2003-இல் சென்னை உயர்நீதிமன்றம், 2014 முதல் 2020 வரை உச்சநீதிமன்றம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே அங்கி.

ஆக, வயதை உயர்த்து என்பவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். பணிக்காலம் குறைந்தால் ஓய்வூதியமும் குறையும் என்ற அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது. வழக்கறிஞராக இருந்து வந்தவர்களுக்குப் பத்தாண்டு தொழில் அனுபவத்தைச் சேர்த்துக் கணக்கிடலாம் என்று 2014-இல் தீர்ப்பாயிற்று. தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு. 2025 மே மாதம், எந்த வழியில் வந்திருந்தாலும் எத்தனை ஆண்டுகள் இருந்திருந்தாலும் உயர்நீதிமன்ற நீதிபதிகள் அனைவருக்கும் ஒரே ஓய்வூதியம் என்றும் ஆகிவிட்டது.

பதில்: கருப்பு அங்கி

ஐயா, பிறந்தநாள் கணக்கை நான் இப்படி யோசித்ததில்லை. ஆனால் மூப்பு வரிசையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளலாமா? அந்த வரிசையை மீறினால் என்ன நடக்கும் என்று 1973-இல் பார்த்தோமே. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாள், ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். மூவரும் ராஜினாமா. 1977-இல் எச்.ஆர். கன்னாவைத் தாண்டி பெக். நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு வழக்கில் தனியாக மாறுபட்டவர் கன்னா. 18 நாள் தலைமை நீதிபதி வந்தாலும் பரவாயில்லை, அரசு பொறுக்கி எடுக்க வேண்டாம்.

குறுகிய காலத்திலும் வேலை நடக்கும் என்பதற்கு யு.யு. லலித் இருக்கிறார். 2022-இல் 74 நாட்கள்தான். அரசமைப்பு அமர்வுகளின் நேரலை ஒளிபரப்பு அப்போதுதான் தொடங்கியது.

பதில்: கொக்குவில் வாசகன்

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கு நீதிமன்றங்களோடு தொழில்முறைத் தொடர்பு உண்டு. நீண்ட காலம் இருந்தாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் நாட்டை நினைவூட்ட விரும்புகிறேன். இங்கும் உயர் நீதிமன்ற (உங்கள் உச்சநீதிமன்றத்தை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) நீதியரசர்களுக்கு ஓய்வு வயது 65, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 63. ஆனால் மூத்தவரே பிரதம நீதியரசர் என்ற வழக்கம் உறுதியாக இல்லை. 1999-இல் மார்க் பெர்னாண்டோ மூத்தவராக இருக்க, சட்டமா அதிபராக இருந்த சரத் என். சில்வா பிரதம நீதியரசர் ஆனார். 2009 வரை, பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவாக, அந்தப் பதவியில் இருந்தார். மார்க் பெர்னாண்டோ வயது வருமுன்னரே ஓய்வு பெற்றுப் போனார். எந்த நீதியரசர் எந்த வழக்கைக் கேட்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவர் கையில் பத்தாண்டு இருந்ததன் விளைவை இங்குள்ள சட்டத்தரணிகள் இன்றும் பேசுவார்கள். 2015 முதல் 2017 வரை இருந்த எங்கள் கனகசபாபதி ஸ்ரீபவனுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுகள். அந்த அளவு போதும் என்பது என் எண்ணம்.

பதில்: பழைய பெஞ்சு

கொக்குவில் நண்பருக்கு நன்றி. தம்பிக்கு ஒன்று. மூப்பு வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதஞ்சலி சாஸ்திரி காலத்திலிருந்தே அது கேடயம்தான். 1951-இல் தலைமை நீதிபதி கனியா பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்த மூத்தவரான நம் சாஸ்திரியாரைத் தாண்டி வேறொருவரைப் பார்க்கலாமா என்று டெல்லியில் யோசனை ஓடியதாகவும், மற்ற நீதிபதிகள் ஒன்று சேர்ந்து ராஜினாமா செய்வோம் என்றதாகவும் சொல்வார்கள். அவர் 1954 ஜனவரி 3 வரை இருந்தார். அந்தக் கேடயத்தை யார் கீழே போடச் சொன்னார்கள்?

நான் சொல்வது அதற்கு முந்தைய படியை. யாரை எந்த வயதில் உச்சநீதிமன்றத்துக்கு எடுக்கிறீர்கள் என்பதிலேயே எட்டு பத்து ஆண்டுகள் கழித்து யார் தலைமை நீதிபதி, எத்தனை நாட்கள் என்பது எழுதப்பட்டுவிடுகிறது. கொலீஜியத்தில், அதாவது புது நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவில், இருப்பவர்களுக்கு அது தெரியும். பிறந்த தேதிப் பட்டியலை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கும் ஜோதிடம் தேவையில்லை. 2018-இல் கே.எம். ஜோசப் விவகாரம் ஏன் அத்தனை சூடானது? அவர் பெயரை ஜனவரியில் பரிந்துரைத்தார்கள். அரசு திருப்பி அனுப்பியது. ஆகஸ்டில் உறுதிமொழி எடுக்கும்போது இந்திரா பானர்ஜி, வினீத் சரண் இருவருக்கும் பின்னால் மூன்றாவதாக நிறுத்தினார்கள். ஒரு நாள் காலை, மூன்று பேர், ஒரு வரிசை. அதற்காக நீதிபதிகளே போய் முறையிட்டார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அற்ப விஷயமாகத் தெரிந்தது. உள்ளே இருந்த எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், தலைமை நீதிபதிப் பதவிக்குக் குறைந்தது இரண்டாண்டு கிடைக்கும்படி முன்கூட்டியே ஆட்களை எடுக்க வேண்டும். 50, 52 வயதில் நாலு பேரையாவது எடுத்தால் வரிசை தானாக நேர்ப்படும். மாவட்ட நீதிபதிகளிலிருந்து எடுப்பதென்றால் 50-க்குள் எடுங்கள். ஓய்வு வயது 65-ஆகவே இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு பகல் முழுவதும் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாதம் கேட்பது எளிதல்ல. நான் பின்னாலிருந்து பார்க்கவில்லை, முன்னாலிருந்து பார்த்தேன். லலித் 74 நாட்களில் செய்ததை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் தொடங்கியதை அடுத்து வந்தவர் தொடர்ந்தார், அதனால் நின்றது. தொடராத ஏற்பாடுகள் எத்தனையோ.

வழியனுப்பு விழா பற்றியும் ஒரு சொல். நீதிபதி சந்துரு 2013-இல் விழாவே வேண்டாம் என்று சொல்லி, அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். ஏழாண்டுகளில் 96,000 வழக்குகளை முடித்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. அவருடைய அமர்வில் பாதியில் நின்ற கட்டு என்று அலமாரியில் தேடினாலும் கிடைத்திருக்காது என்பது எங்கள் வட்டத்தில் நிலவிய பேச்சு.

பதில்: தாமிரபரணிக் கரை

அண்ணன் 36 நாள் கணக்கைத் தாளில் எழுதிப் போட்டுப் பார்த்துவிட்டு, "70 வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பல ஆண்டு ஆசிரியர் அல்லவா, விடை தாளில் வந்தால்தான் ஒப்புக்கொள்வார். எங்கள் வழக்குக்கு இனி என்ன செய்யலாம் ஐயா?

பதில்: பழைய பெஞ்சு

மூன்று காரியங்கள். முதலில், போன முறை பேசிய வாதத்தை எழுத்துப்பூர்வமாகப் பத்துப் பக்கத்துக்குள் சுருக்கி, தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்போடு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். புது நீதிபதி முதலில் அதைத்தான் புரட்டுவார். இரண்டாவது, வாதம் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட பிறகு நீதிபதி ஓய்வு பெற்றதைச் சொல்லி, முன்கூட்டியே விசாரிக்க மனுப் போடுங்கள். அசல் வழக்கு எந்த ஆண்டு தொடுக்கப்பட்டது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். கட்சிக்காரர்களில் மூத்த குடிமக்கள் இருந்தால் வயதுச் சான்றையும் இணைத்து முன்னுரிமை கேளுங்கள்.

மூன்றாவது, இந்த முறையும் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டால் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அனில் ராய் வழக்கில் 2001-இல் உச்சநீதிமன்றம் சொன்னது: மூன்று மாதங்கள் ஆகியும் தீர்ப்பு வராவிட்டால் சீக்கிரம் வழங்கக் கோரி மனுப் போடலாம், ஆறு மாதங்கள் தாண்டினால் வேறு அமர்வுக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். பலருக்கும் இது தெரியாது, தெரிந்தவர்களும் நீதிபதி கோபித்துக்கொள்வாரோ என்று போடுவதில்லை. போடுங்கள்.

இன்னொன்று, உயர்நீதிமன்ற இணையதளத்தில் பெரும்பாலும் நீதிபதிகளின் பிறந்த தேதி இருக்கும். உங்கள் வழக்கு எந்த நீதிபதியின் முன் வந்திருக்கிறதோ, அவருக்கு 62 எப்போது ஆகிறது என்று அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள்.